இரண்டு பீடி நேரம்

மகனே,

நீ அனுப்பிய மூன்றாவது மணியார்டரையும் வாங்காமல் திருப்பி அனுப்பிவிட்டேன். அதற்கு நீ எழுதிய கடிதம் நேற்று வந்தது. உன் அம்மா என்னை இரண்டு தடவை உரக்க வாசிக்கச் சொன்னாள். மூன்றாவது தடவை நான் மட்டும் தனியே வாசித்தேன். கம்பெனி உன்னை ஐந்து வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டு வைத்துக்கொள்ளக் கேட்கிறது, மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும், ஆனால் நீ போடப்போவதில்லை, எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து அம்பாசமுத்திரத்தில் ஏதாவது லேத் பட்டறையில் சேரப்போகிறாய். காரணம் நான். கபடி விளையாடிச் சம்பாதிக்கிற காசைத் தொட அப்பாவுக்குக் கூசுகிறது என்றால் எனக்கும் அது வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். உனக்கு ரோஷம் அதிகம். அது என்னிடமிருந்து வந்ததுதான், கடையில் வாங்கினதில்லை. அந்த ரோஷம் எனக்கு என்ன செய்தது என்று தெரிந்த பிறகு நீ முடிவெடுத்தால் போதும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இன்னொரு கேள்வியும் கேட்டிருந்தாய். உன் கம்பெனியில் இருபது வருஷமாக மிஷினோடு மல்லுக்கட்டுகிற பிட்டர் ஒருவர், உன் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு வாங்குகிறவர், காலையில் உன்னைப் பார்த்தால் சலாம் வைக்கிறார், எனக்குச் சோறு இறங்கவில்லை, இது நியாயமா அப்பா என்று கேட்டிருந்தாய். உன் அக்கா ஆஸ்பத்திரியில் பீயும் மூத்திரமும் அள்ளிவிட்டு வாங்குகிற சம்பளத்தையும் கணக்கில் சேர்த்திருந்தாய். நியாயம் இல்லை. அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. எதிராளி கோட்டுக்குள் பாடிப் போய் நாலு பேரைத் தொட்டுவிட்டு வருவதால் ஒரு உயிரும் பிழைப்பதில்லை, ஒரு நெல்லும் விளைவதில்லை. ஆனால் பத்தாயிரம் பேர் டிக்கெட் எடுத்து அதைப் பார்க்க வருகிறார்கள். உன் அக்கா ஊசி போடுவதைப் பார்க்க யாரும் டிக்கெட் எடுக்கமாட்டார்கள். காசு வேடிக்கை பார்க்கிற கண்ணுக்குப் பின்னாலேயே போகிறது. இதை நீ உண்டாக்கவில்லை, நீ விட்டுவிட்டு வந்தால் மாறப்போவதும் இல்லை. நீ வேண்டாம் என்று சொல்லும் பணம் அந்தப் பிட்டருக்குப் போகாது. அடுத்த ஆட்டக்காரனுக்குப் போகும்.

இவ்வளவு தெளிவாகப் பேசுகிறவன் ஏன் மணியார்டரைத் திருப்புகிறான் என்று கேட்பாய். கொஞ்சம் பொறு, வருகிறேன்.

என் தொழில் உனக்குத் தெரியும். கால்வாய் லஸ்கர். மடையைத் திறக்கிறதும் அடைக்கிறதும்தான் அரசாங்கம் எனக்குக் கொடுத்த வேலை. ஆற்றில் யாராவது முங்கிவிட்டால் தேடி எடுப்பது அரசாங்கம் கொடுத்ததல்ல, தாத்தா காலத்திலிருந்து நம் வீட்டுக்கு வந்தது. அதற்கு ஒரு வழக்கம் உண்டு, அதையும் நீ பார்த்திருக்கிறாய். கூப்பிட்ட குரலுக்கு இறங்க வேண்டும். விலை பேசக்கூடாது. ஆளைக் கரையில் சேர்த்ததும் அந்த வீட்டார் ஒரு புதுத் துண்டும் தேங்காயும் தருவார்கள். தேங்காயை ஆற்றில் விட்டு, துண்டால் தலையைத் துவட்டி அதைப் படித்துறையிலேயே போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வர வேண்டும். துண்டு வீட்டுக்குள் வரக்கூடாது. முப்பது வருஷத்தில் எத்தனை துண்டு போட்டேன் என்று நான் எண்ணினதில்லை. எண்ணக்கூடாது என்பதும் வழக்கம்தான்.

படித்துறைக்கு இருபதடி தள்ளி ஆற்றுக்குள் நிற்கும் கல்மண்டபம் உனக்கு மறந்திருக்காது. உன் மூச்சு வளர்ந்த இடமே அதுதான். தண்ணீர் ஏறி உத்திரக்கல்லின் அடியைத் தாண்டினாலும், உத்திரத்துக்கும் கூரைக்கல்லுக்கும் நடுவே ஒரு முழம் காற்று சட்டென்று வெளியேற வழியில்லாமல் நின்றுவிடும், கல் இடுக்கு வழியே பையப் பையத்தான் கசியும். உனக்கு எட்டு வயதில் அந்த இடத்தைக் காட்டினேன். நீ கரையிலிருந்து முங்கிப் போய் உள்ளே எழும்பி, அந்தக் காற்றைக் குடித்துக்கொண்டு, கூழாங்கல்லால் கூரையைத் தட்டுவாய். நான் கூரைமேல் உட்கார்ந்திருப்பேன். பதிலுக்கு விரல் முட்டியால் தட்டுவேன். இருக்கிறேன் என்று நீ சொல்கிறாய், கேட்டுவிட்டது என்று நான் சொல்கிறேன். எத்தனை மழைக்காலம் அப்படித் தட்டியிருப்போம். இதை ஏன் நினைவுபடுத்துகிறேன் என்றால், அந்தச் சத்தம் இன்னதென்று இந்த ஊரில் தெரிந்தவர்கள் நாம் இரண்டு பேர்தான்.

போன ஐப்பசியில், தீபாவளிக்கு மறுநாள் காலை, நான் டீக்கடையில் இருந்தேன். பேப்பரில் உன் படம். பம்பாய்க் கம்பெனி உன்னை எடுத்ததையும் மாதச் சம்பளத்தையும் போட்டிருந்தார்கள். ஹெட்மாஸ்டர் சம்பளத்தைப்போல இரண்டு மடங்கு. கடைக்கார அண்ணாச்சி எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தார். எனக்கு நெஞ்சு விம்மியது, பொய் சொல்லமாட்டேன். அப்புறம் அவர் பேப்பரை மடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஓய் லஸ்கரு, உம்ம மவன் மூச்சைப் பிடிச்சா மாசம் இவ்வளவு. நீரு மூச்சைப் பிடிச்சா ஒரு துண்டு, அதையும் கரையில போட்டுட்டு வருதீரு. ரெண்டும் ஒரே மூச்சுதான வே?" என்றார். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் வழியெல்லாம் அது என்னைக் குடைந்துகொண்டே வந்தது. அவர் சொன்னதில் பொய் எங்கே இருக்கிறது? வெளிச்சத்தில் கோடு போட்டு, நடுவர் வைத்து, கீழே விழுந்தால் தூக்க ஆள் வைத்து நீ பிடிக்கிற மூச்சு ஒன்று. கண் தெரியாத கலங்கலில் நான் பிடிக்கிற மூச்சு ஒன்று. அன்று முதல்தடவையாக எனக்கு என் துண்டுகளை எண்ணத் தோன்றியது.

அன்று மத்தியானமே கூப்பிட வந்தார்கள். மலையில் மழை, ஆறு ஏறிக்கொண்டிருந்தது. வெள்ளம் ஓடும்போதுதான் ஆறு இரையும், ஏறும்போது பைய, சத்தமில்லாமல் ஏறும். படித்துறையில் நாற்பது ஐம்பது பேர் நின்றார்கள். ஆழ்வார்குறிச்சி வாத்தியார் ஒருவரின் மகள், இருபது வயது, தீபாவளிக்கு அப்பாவோடு சித்தி வீட்டுக்கு வந்தவள். பித்தளைச் செம்பில் தண்ணீர் மொள்ளக் குனிந்திருக்கிறாள், பாசி வழுக்கிவிட்டது. நான் போய்ச் சேரும்போது அவள் விழுந்து வெகுநேரம் ஆகிவிட்டது, உயிர் இருக்காது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். வாத்தியார் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். நான் கையை விடுவித்துக்கொண்டு, "தண்ணி கெடக்க கெடப்பப் பாத்தீங்கல்லா. எனக்கும் குடும்பம் இருக்கு. ஐநூறு ரூவா கையில வச்சாத்தான் இறங்குவேன்" என்றேன்.

கூட்டம் திகைத்துப்போனது. வாத்தியார் மட்டும் திகைக்கவில்லை. சம்பளம் இன்னும் வரவில்லை, பிள்ளையை எடுத்துக்கொடுங்கள், பணம் கட்டாயம் தருகிறேன் என்றார். முதலில் கையில் வையுங்கள் என்றேன். அவர் திரும்பி, தெருவில் அப்பளக்கடையில் கைமாற்றுக் கேட்க ஓடினார். ஐம்பது வயது மனிதர், வேட்டி தடுக்கத் தடுக்கப் படியேறி ஓடினார். நான் படியில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. டக். டக். கொஞ்சம் நின்று, மறுபடி டக். மண்டபத்துப் பக்கமிருந்து வந்தது. பக்கத்தில் நின்றவன் ஒருவன், "அது என்ன அண்ணாச்சி, சத்தம் கேக்கு?" என்றான். மலையிலிருந்து அடித்துவந்த கட்டை ஏதாவது தூணில் முட்டும் என்றேன். மனதார அப்படித்தான் நம்பினேன் என்று இன்று வரை என்னிடமே சொல்லிப் பார்க்கிறேன். உன் கூழாங்கல்லை ஆயிரம் தடவை கேட்ட காதுக்கு அது எப்படிக் கட்டையாகக் கேட்டது? என் காதில் அன்று வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஐநூறு போதுமா, ஆயிரம் கேட்டிருக்கலாமோ என்று யோசித்துக்கொண்டிருந்தேன். முதல் பீடி முடிந்தது. இரண்டாவதைப் பற்றவைத்தேன். அது பாதியில் இருக்கும்போது சத்தம் நின்றுவிட்டது. வாத்தியார் முந்நூறு ரூபாயோடு ஓடி வந்தார். அதற்குள் நான் கால் வைத்திருந்த படி முங்கிப்போயிருந்தது.

பணத்தை மடியில் கட்டிக்கொண்டு இறங்கினேன். நேரே மண்டபத்துக்குத்தான் போனேன். ஏன் அங்கே போனேன்? மற்ற இடமெல்லாம் விட்டுவிட்டு என் உடம்பு ஏன் அங்கே போயிற்று? மேலே எழும்பி முகத்தை வைத்தேன். காற்று இல்லை. தண்ணீர் கூரைக்கல்லைத் தொட்டிருந்தது. என் கையில் அவள் தலைமுடி பட்டது. ஒரு கையால் உத்திரத்தை இறுகப் பிடித்திருந்தாள். விரல் விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது. மறு கையில் செம்பு. எத்தனையோ பேரை எடுத்திருக்கிறேன், எல்லாரும் ஆற்றின் குளிர்ச்சியோடுதான் என் கைக்கு வந்தார்கள். அவள் கழுத்தடியில் சூடு இருந்தது. கரையில் போட்டு வயிற்றை அமுக்கினேன், ஊதினேன், தலைகீழாகத் தூக்கிக்கூடப் பார்த்தேன். கூட்டம் என்னைப் பாவம் என்று பார்த்தது. செம்பின் விளிம்பு ஒரு பக்கம் முழுக்க நெளிந்து மடங்கியிருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. நான் அதைத் தண்ணீரில் விட்டுவிட்டேன்.

பதினாறாம் நாள் காரியம் கழிந்து ஒருநாள் காலையில் வாசல் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. திறந்தால் வாத்தியார். மீதி இருநூறு ரூபாயைக் கொண்டுவந்திருந்தார். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். "உழைச்சவனுக்குக் கூலி பாக்கி வைக்கக்கூடாது, வாங்கிக்கிடுங்க" என்று என் உள்ளங்கையில் வைத்து மூடினார். உன் அம்மா காப்பி கொடுத்தாள். குடித்துவிட்டு எழுந்தவர் வாசலில் நின்று, "ஒண்ணே ஒண்ணு கேக்கணும். பிள்ளை ரொம்ப நேரம் சிரமப்பட்டுதா?" என்றார். இல்லை ஐயா, விழுந்ததுமே போய்விட்டாள் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து, மகனே, இந்த வீட்டில் தட்டும் சத்தம் கேட்கிறது. பட்டப்பகலில் கேட்கிறது. சோற்றில் கை வைக்கும்போது, மடைப் பலகையைத் தூக்கும்போது, காலடியில், தரைக்குக் கீழேயிருந்து, இரண்டு தட்டல், அப்புறம் ஒன்று. மனப்பிராந்தி என்றுதான் முதலில் நினைத்தேன். தபால்காரர் உன் முதல் மணியார்டரோடு வந்து கதவைத் தட்டினார். டக். டக். கொஞ்சம் நின்று, டக். உன் மூச்சுக்குக் கிடைத்த பணம், அந்தச் சத்தத்தோடு என் வாசலுக்கு வந்தது. எனக்குக் கை நீளவில்லை. இரண்டாவது தடவையும் அப்படியே. உன் காசு தீட்டு என்று நான் நினைக்கவில்லையப்பா. அதை வாங்க நீள வேண்டியது அந்த ஐநூறு ரூபாயை வாங்கின இதே கை, அதனால்தான்.

இதை யாரிடமும் நான் சொன்னதில்லை, உன் அம்மாவிடமும் சொன்னதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அவள் அடுப்படியில் இருந்தாள், நான் வாசலில் செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருந்தேன். கதவு விரியத் திறந்து கிடக்கிறது, தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. அவள் உள்ளேயிருந்து, "யாருங்க அது, வெகுநேரமாத் தட்டுதாங்க, பாக்கக்கூடாதா?" என்றாள். எனக்கு ஊசி கையில் ஏறிவிட்டது. அன்று எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்குத்தான் கேட்டிருக்கிறது.

மறுநாளே மண்டபத்துக்குப் போனேன். மார்கழியில் தண்ணீர் வடிந்து இடுப்பளவுதான் கிடந்தது. உள்ளே போய் அண்ணாந்து பார்த்தேன். கூரைக்கல் முழுக்கக் கறுப்புப் பாசி. ஓர் இடத்தில் மட்டும் பாசி உரிந்து, கல் பொரிந்து, வெள்ளையாகப் புள்ளி புள்ளியாக இருந்தது. நீ சின்ன வயதில் தட்டிய இடத்துக்கு ஒரு சாண் தள்ளி. முதலில் புள்ளிகள் தள்ளித் தள்ளி, நிதானமாக இருந்தன. போகப்போக ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்திருந்தன. கையை வைத்துப் பார்த்தேன். எண்ண என்னால் முடியவில்லை.

வெளியே வந்தால் படித்துறையில் துணி துவைக்கிறவர்கள் சொல்கிறார்கள், வாத்தியார் ஞாயிறுதோறும் பஸ் ஏறி வருகிறாராம். அன்று நின்றவர்களைத் தேடித் தேடிக் கேட்கிறாராம், தான் பணத்துக்காகத் தெருவுக்கு ஓடும்போது ஒரு சத்தம் கேட்டதே, அது என்ன என்று. எல்லாரும் நான் சொன்னதையே சொல்கிறார்களாம், கட்டை முட்டியது என்று. அவர் கேட்டுக்கொண்டு போகிறார், மறுவாரமும் வருகிறார்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். எனக்குக் கூலி வேண்டும் என்று ஆசைப்பட்டது தப்பா என்று மூன்று மாதமாக யோசிக்கிறேன். தப்பில்லை. உயிரைப் பணயம் வைத்து இறங்குகிறவனுக்குத் துண்டைக் கொடுத்து அனுப்பியது ஊர் செய்த அநியாயம்தான், டீக்கடைக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னாலும் உண்மை. நான் கேட்ட நேரம்தான் பாவம். உன் சம்பளம் ஆட்டத்துக்கு முன்னால், மேஜை போட்டு, காகிதத்தில் எழுதப்படுகிறது. அதனால் கோட்டுக்குள் நீ பாடிப் போகும்போது விளையாட்டைத் தவிர வேறு நினைப்பு உனக்கு வேண்டியதில்லை. என் கூலியை யாரும் எந்த மேஜையிலும் பேசவில்லை. பேசாததை நான் கரையில், ஒருத்தி உள்ளே தட்டிக்கொண்டிருக்கும்போது பேசினேன். உன் அக்கா கூலி கேட்டு நோயாளிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கமாட்டாள் என்று தெரிந்துதான் அவளுக்குக் குறைத்துக் கொடுக்கிறார்கள். இந்த மாதிரி வேலைக்குத்தான் முன்கூட்டியே நிறையக் கொடுக்க வேண்டும். உலகம் நேர்மாறாக நடக்கிறது. ஆனால் இதைக் காரணம் சொல்லி நான் தப்பித்துக்கொள்ள முடியாது. பேரம் பேசினது ஊர் இல்லை, நான்.

ஆகவே நீ கூச்சப்படாமல் கையெழுத்துப் போடு. முட்டி ஒரு தடவை திரும்பினால் உன் மூச்சுக்கு மறுநாள் விலை இருக்காது, அதனால் இருக்கிறபோது கேட்டு வாங்கு. அந்தப் பிட்டர் சலாம் வைத்தால் நீ முந்திக்கொண்டு வை. சம்பளம் உயர்த்தக் கேட்டு அவரும் மற்றத் தொழிலாளிகளும் உட்காரும் நாளில், டிரெயினிங் இருக்கிறது என்று ஒதுங்கிப் போகாமல் கூட உட்கார். எனக்கு மணியார்டர் அனுப்பாதே. அனுப்பத்தான் வேண்டும் என்றால், மழை மாதங்களில் படித்துறையில் ஒரு ஆள் கயிறோடு நிற்கட்டும், யாரும் முங்கினாலும் முங்காவிட்டாலும் அவனுக்கு மாதச் சம்பளம் போகட்டும், அதற்கு அனுப்பு. அந்த ஆள் நானாக இருக்கக்கூடாது.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் ஆழ்வார்குறிச்சிக்கு வாத்தியாரைப் பார்க்கப் போகிறேன். சொல்லி என்ன ஆகப்போகிறது, என் பாரத்தை இறக்கி அவர் தலையில் வைப்பதுதானே என்று பலநாள் தயங்கினேன். ஆனால் அந்தச் சத்தம் அவர் காதில் விழுந்துவிட்டது. கேட்டது என்ன என்று சொல்லத்தான் ஆள் இல்லை. அவர் என்னை அடிக்கலாம், போலீசுக்குச் சொல்லலாம், எதற்கும் தயாராகத்தான் போகிறேன். பங்குனியில் உன் கல்யாணம் இருக்கிறது. பெண் வீட்டார் காதுக்கு இது போகும். அவர்கள் வேண்டாம் என்றால் அதற்கு நான்தான் பொறுப்பு, அதையும் தெரிந்தே போகிறேன். என்னைப் பற்றி நீ என்ன நினைக்கப்போகிறாய் என்பதுதான் எனக்குப் பெரிய பயம். 

அந்த ஐநூறு ரூபாய் பரண்மேல் டப்பாவில் இருந்தது. இன்று எடுத்தேன். முந்நூறில் இன்னும் ஆற்று வாடை போகவில்லை. சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கீழே சத்தம் ஆரம்பித்துவிட்டது, உன் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்கிறாள். நான் குனிந்து விரல் முட்டியால் தரையில் ஒரு தடவை தட்டினேன், உனக்குத் தட்டுவதுபோல. நின்றுவிட்டது.

நீ கையெழுத்துப் போடு. நான் போய் வாத்தியார் வீட்டுக் கதவைத் தட்டுகிறேன்.

அப்பா